செம்பெயர்ச்சி 4-க்கு மேல் உள்ள மிகப் பிரகாசமான குவேசார்கள்: கையா + வைஸ் வடிகட்டியில் எங்கே ஓட்டை?

கேள்வி: இரவுப்பந்தல்

வணக்கம். விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டையும் (2022) வைஸ் விண்கலத்தின் ஆல்வைஸ் அகச்சிவப்பு அட்டவணையையும் டாப்கேட் மென்பொருளில் பொருத்தி, ஆர்பி (கையாவின் சிவப்புப் பட்டை) மேக்னிட்யூட் 17.5-ஐ விடப் பிரகாசமான, செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 4-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும் குவேசார்களை, அதாவது மாபெரும் கருந்துளை பொருளை விழுங்குவதால் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களை, தேட வேண்டும். இப்போதைய நிபந்தனைகள்:

இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் தெரியும் இட மாற்றம், தொலைவு கூடக் குறையும்) 0.1 மில்லி ஆர்க்செகண்டுக்குக் கீழ் (ஆர்க்செகண்ட் = பாகையில் 3600-இல் ஒரு பங்கு);
தன்னியக்கம் (பொருள் வானில் நகரும் வேகம்) ஆண்டுக்கு 0.3 மில்லி ஆர்க்செகண்டுக்குக் கீழ்;
பிபி − ஆர்பி (கையாவின் நீல, சிவப்புப் பட்டைகளின் மேக்னிட்யூட் வேறுபாடு) 1-க்கு மேல்;
டபிள்யூ1 − டபிள்யூ2 (வைஸின் முதல் இரு அகச்சிவப்புப் பட்டைகளின் வேறுபாடு) 0.8-க்கு மேல்;
பால்வீதித் தளத்திலிருந்து 20 பாகைக்கு அப்பால்;
பொருத்தும் ஆரம் 3 ஆர்க்செகண்ட்.

சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஏற்கெனவே அறியப்பட்ட குவேசார்களை இதே சல்லடையில் போட்டால் சில கீழே விழுந்துவிடுகின்றன. மேலே தங்குபவற்றிலோ பெரும்பகுதி விண்மீன்கள். எந்த நிபந்தனையை இறுக்குவது, எதைத் தளர்த்துவது? நிறமாலை எடுக்கும் முன் அட்டவணைகளை வைத்தே எவ்வளவு தூரம் கழிக்க முடியும்?

பதில் 1: புடைமுறம்

முதலில், தெரிந்தவை ஏன் விழுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இது வானியல் கோளாறு அல்ல, வினவல் கோளாறு. கையாவில் எல்லாப் பொருளுக்கும் இடமாறு தோற்றம் கிடையாது. சிலவற்றுக்கு வானில் இருக்கும் இடம் மட்டும்தான் கணக்கிடப்பட்டிருக்கும், மற்ற கட்டங்கள் வெற்று. ஏடிக்யூஎல் வினவல் மொழியில் "0.1-க்குக் குறைவு" என்று கேட்டால் வெற்றுக் கட்டமுள்ள வரிசை ஓசைப்படாமல் வெளியேறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஈர்ப்பு வில்லையால் இரண்டு மூன்று பிம்பமாகப் பிரிந்த குவேசார்கள் இப்படிச் சிக்கக்கூடியவை. ஏபிஎம் 08279+5255 என்ற குவேசாரின் இரு முதன்மைப் பிம்பங்களுக்கு இடையே 0.38 ஆர்க்செகண்ட்தான், அத்தகைய பொருளை ஒற்றைப் புள்ளி என்று கொண்டு செய்யும் கணக்கு தடுமாறத்தான் செய்யும். "0.1-க்குக் குறைவு அல்லது வெற்று" என்று எழுதுங்கள். வெற்றாக வந்தவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பில் இரட்டை விண்மீன்கள் குவிந்திருக்கும், கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

அடுத்து, நிலையான எல்லை மதிப்புகளை விடுங்கள். மதிப்பை அதன் பிழையால் வகுத்துப் பாருங்கள். ஜி (கையாவின் அகன்ற பட்டை மேக்னிட்யூட்) 16-இல் இடமாறு தோற்றத்தின் பிழை சுமார் 0.04 மில்லி ஆர்க்செகண்ட். மங்கலானவற்றில் அது பெருகும். இடமாறு தோற்றத்தோடு 0.017 கூட்டிய பிறகு (கையாவின் பூச்சியப் புள்ளி அவ்வளவு எதிர்ப்பக்கம் நகர்ந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தவையே குவேசார்கள்தாம்) பிழையால் வகுத்து 4-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தன்னியக்கத்தின் இரு கூறுகளையும் அவ்வாறே தனித்தனியாக வகுத்து, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து 4 அல்லது 5-க்குள் வையுங்கள்.

இரண்டில் எது உழைக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிரகாசத்தில் சிவப்புக் குள்ளர்கள் ஒரு பொருட்டே அல்ல. ஜி 16-இல் தெரியும் எம் வகைக் குள்ளன் சில நூறு ஒளியாண்டுத் தொலைவில்தான் இருக்கும். பல மில்லி ஆர்க்செகண்ட் இடமாறு தோற்றத்தோடு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தொல்லை தருபவர்கள் தொலைதூரச் செம்பேரரக்கர்கள் (ரெட் ஜயண்ட், முதுமையில் வீங்கிச் சிவந்த விண்மீன்கள்). 20 கிலோபார்செக்கில் உள்ள ஒன்றின் இடமாறு தோற்றம் 0.05, பிழையோடு பிழையாக மறைந்துவிடும். ஆனால் அது குறுக்காக நொடிக்கு 100 கி.மீ. நகர்ந்தால் தன்னியக்கம் ஆண்டுக்கு 1 மில்லி ஆர்க்செகண்டைத் தாண்டும். அங்கே பிடிபடும்.

இனி டபிள்யூ1 − டபிள்யூ2-க்கு வைத்த 0.8. இந்த எண் குறைந்த செம்பெயர்ச்சிக் குவேசார்களுக்கு நன்றாக வேலை செய்யும். உங்கள் இலக்குக்கு அது தவறான எண். செம்பெயர்ச்சி சுமார் 3.3 முதல் 4.9 வரை, ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு டபிள்யூ1 பட்டைக்குள் (3.4 மைக்ரான்) வந்து உட்கார்ந்துகொள்ளும், 4.2 அருகே பட்டையின் நடுவிலேயே நிற்கும். டபிள்யூ1 அதனால் பொலிவேறும், டபிள்யூ1 − டபிள்யூ2 சுருங்கும். 0.5, ஏன் 0.4 வரைகூட இறங்கலாம். வெறும் விண்மீன் மேற்பரப்பு என்றால் இந்த வேறுபாடு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், இறங்கினாலும் பெரிய வெள்ளம் வராது. ஒரு எச்சரிக்கை: இவை வேகா முறை எண்கள் (வேகா விண்மீனைப் பூச்சியமாகக் கொண்டவை). ஏபி முறைக்கு (எல்லா அலைவரிசைக்கும் ஒரே அடிப்படை ஒளியளவு கொண்டது) மாற்றினால் 0.64 கழியும்; வேகாவின் 0.8 ஏபியில் 0.16. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சல்லடையே தலைகீழாகிவிடும்.

பதில் 2: தூசிவரைபடம்

மேலே சொன்னதோடு கழிப்பதற்கான சில வழிகள்.

டபிள்யூ2 − டபிள்யூ3-ஐயும் சேருங்கள். இவ்வளவு பிரகாசமான குவேசார் 12 மைக்ரானில் (டபிள்யூ3) தெளிவாகத் தெரிய வேண்டும். வேறுபாடு 2-க்கு மேல் வரும். வெறும் விண்மீனுக்குப் பூச்சியம் அருகே. இடையில் நிற்பவை பெரும்பாலும் தூசி சூழ்ந்த கார்பன் விண்மீன்கள். சுவையான செய்தி, ஏபிஎம் 08279+5255-ஐ 1998-இல் கண்டுபிடித்ததே கார்பன் விண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான். இந்த இரு கூட்டமும் நிறத்தில் அவ்வளவு நெருக்கம்.

ஆல்வைஸின் மாசுக் குறியில் நான்கு பட்டைக்கும் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பெரிய விண்மீனின் ஒளிவட்டமோ கதிர்முள்ளோ அளவுக்குள் புகுந்திருக்கும். வைஸின் பிம்ப அகலம் 6 ஆர்க்செகண்ட், கையாவுடையதோ அதில் மிகச் சிறிய பகுதி. ஆகவே 3 ஆர்க்செகண்டுக்குள் பொருந்திவிட்டது என்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. ஆரத்தை 2-ஆகக் குறைத்தாலும் தீராது. ஒரு செம்பேரரக்கனுக்குப் பின்னால் தூசி நிறைந்த விண்மீன் மண்டலம் இருந்தால் இரண்டும் சேர்ந்து குவேசார் வேடம் போடும். கையாவில் 6 ஆர்க்செகண்டுக்குள் இன்னொரு புள்ளி இருக்கிறதா என்று எல்லா வேட்பாளருக்கும் கேளுங்கள். இருந்தால் அலாடின் வானப்பட மென்பொருளில் படத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் வழி.

ஒளிமாற்றமும் உதவும். கார்பன் மிரா விண்மீன்கள் நூற்றுக்கணக்கான நாள் காலவட்டத்தில் மேக்னிட்யூட் கணக்கில் ஏறி இறங்கும். செம்பெயர்ச்சி 4-இல் உள்ள பிரகாசக் குவேசார் ஆண்டுகள் கழிந்தாலும் சில பத்தில் ஒரு பங்கு மட்டுமே, அதுவும் ஒழுங்கின்றி.

புற ஊதா அட்டவணையில் (கேலெக்ஸ்) ஏதாவது தெரிந்தால் கிட்டத்தட்ட அடித்துவிடலாம். செம்பெயர்ச்சி 4-இல் 456 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் பெரும்பாலும் விழுங்கியிருக்கும். புற ஊதாவில் தெரிய வழியில்லை. முன்னால் நிற்கும் வேறொன்றின் ஒளி கலந்திருந்தால் ஒழிய.

20 பாகை எல்லையை மட்டும் தயவுசெய்து எடுங்கள். எஸ்எம்எஸ்எஸ் ஜே1144-4308 என்ற குவேசார் 14.5 மேக்னிட்யூட் பொலிவோடு வானில் கிடந்தும் 2022 வரை யார் கண்ணிலும் படவில்லை. காரணம், பால்வீதித் தளத்திலிருந்து 18 பாகையில் அது இருந்தது. பழைய தேடல்கள் 20-இலேயே நின்றுவிட்டன. (அதன் செம்பெயர்ச்சி 0.83தான், உங்கள் இலக்கு அல்ல. ஆனால் பாடம் ஒன்றே.) 10 பாகை வரை போங்கள். அதற்கும் கீழே இளம் விண்மீன்கள் கூட்டமாக வரும். அவற்றுக்கும் இதே அகச்சிவப்பு நிறம், இருண்ட மேகங்களை ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும். குவேசார்கள் கொத்தாக வராது. வேட்பாளர்களை வான வரைபடத்தில் புள்ளியிட்டாலே குவியல்கள் பல்லிளிக்கும்.

பதில் 3: பழையதட்டு

எந்திரக் கற்றல் பக்கம் போக எண்ணியிருந்தால் ஒரு வார்த்தை. இந்த மூலையில் அது கைவிடும். பயிற்சிக்குக் கொடுக்கும் குவேசார்கள் எல்லாம் மங்கலானவை, ஏனென்றால் தெரிந்தவை அப்படித்தான். "பிரகாசமானது என்றால் விண்மீன்" என்று எந்திரம் கற்றுக்கொண்டுவிடும். ஜே0529-4351 என்ற குவேசாருக்கு நேர்ந்தது இதுவே. செம்பெயர்ச்சி 3.96, சூரியனைப்போல் ஏறக்குறைய 500 லட்சம் கோடி மடங்கு ஒளி. 1980-இல் எடுத்த தென்வான ஷ்மிட் தட்டிலேயே பதிவாகியிருந்தது. கையாவின் தானியங்கி வகைப்பாடு அதை விண்மீன் என்றே முடிவு கட்டியது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்ப்ரிங்கில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. ஸ்லோன் வானக் கணக்கெடுப்பும் குவேசார் தேர்வில் 15-ஐ விடப் பிரகாசமான புள்ளிகளை இலக்காக எடுக்காமல் விட்டது.

ஆகவே "குவேசார் நிகழ்தகவு" என்ற கட்டத்தை வைத்து யாரையும் நீக்காதீர்கள். நேரான வெட்டுகளே இங்கே நேர்மையானவை.

வெட்டிய பிறகு மில்லிகுவாஸ் (குவேசார் அட்டவணை), சிம்பாட் (வான்பொருள் தரவுத்தளம்) இரண்டிலும் தேடித் தெரிந்தவற்றை நீக்குங்கள். சிம்பாட்டில் "விண்மீன்" என்று போட்டிருந்தால் அதை நம்பும் முன் எதை வைத்துச் சொன்னார்கள் என்று பாருங்கள். நிறமாலை இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து இட்ட முத்திரையாகவும் இருக்கலாம்.

இரவுப்பந்தல்

மிக்க நன்றி. வெற்றுக் கட்டங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. நிறமாலை குறித்தும் சொல்லுங்கள். கையாவின் குறைப்பிரிதிறன் நிறமாலை போதுமா? தனியாக எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 4: கீற்றணி

ஜி 17.65-ஐ விடப் பிரகாசமானவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அது பதிவிறக்கக் கிடைக்கும். பிரிதிறன் 30 முதல் 100 வரைதான், ஆனால் குவேசாரின் கோடுகள் அகலமானவை என்பதால் முதல் சல்லடைக்குப் போதும். செம்பெயர்ச்சி 4-இல் லைமன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் புற ஊதாக் கோடு) 608 நானோமீட்டரில் நிற்கும். அதற்கு நீலப்பக்கம் ஒளி படியிறங்கினாற்போல் விழும். கார்பன் நான்கின் (மும்முறை அயனியான கார்பனின்) கோடு 775 அருகே ஒரு மேடாக எழும். இரண்டின் அலைநீள விகிதம் எப்போதும் 1.274. ஒரு மேடு, ஒரு படி, இந்த விகிதம். மூன்றும் ஒத்துவந்தால் தொலைநோக்கி நேரம் கேட்கலாம். எம் வகைப் பேரரக்கர்களின் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகளும் படிபோலத்தான் தெரியும், ஆனால் அவை பல இடங்களில் வரும். செங்குத்தான பக்கம் நீலத்தை நோக்கியிருக்கும். அந்தக் கையா நிறமாலைகளில் செயற்கை அலைவுகள் உண்டு. இரு ஓரங்களிலும் வரும் மேடுகளை நம்ப வேண்டாம்.

தனியாக எடுத்தால் பிரிதிறன் 300 தாராளம். நொடிக்கு 5000 கி.மீ. அகலமுள்ள கோடு 775-இல் 13 நானோமீட்டர் பரவியிருக்கும். அதை நுணுக்கமாகப் பிரிக்கப் போனால் ஒளிதான் வீணாகும்.

பழகுவதற்கு 3சி 273-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: கன்னி விண்மீன் குழு, மேக்னிட்யூட் ஏறக்குறைய 12.9, செம்பெயர்ச்சி 0.158. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் செம்பெயர்ச்சியைப் புரிந்துகொண்ட அதே பொருள். மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கீற்றணியை (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் தட்டு) 3.76 மைக்ரான் படத்துளி கொண்ட கேமராவுக்கு முன்னால் 50 மி.மீ. தள்ளி வைத்தால் ஒரு படத்துளிக்கு 0.75 நானோமீட்டர் கிடைக்கும். 1000 மி.மீ. குவியத் தூரத்தில் 3 ஆர்க்செகண்ட் விண்மீன் பிம்பம் நான்கு படத்துளியை நிரப்பும். ஆக உண்மையான பிரிதிறன் 3 நானோமீட்டர் அளவு. ஹைட்ரஜன் பீட்டா 563-இல் மேடாக நிற்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி. 3சி 273-இன் ஹைட்ரஜன் ஆல்ஃபா 760 நானோமீட்டரில் வருகிறது. நம் வளிமண்டல ஆக்சிஜனின் ஏ பட்டையும் அங்கேதான். கோட்டின் நெற்றியிலேயே பள்ளம் விழும். இரட்டைக் கோடு என்று மயங்க வேண்டாம். கெட்டநேரம், ஏபிஎம் 08279+5255-இன் கார்பன் நான்கும் (செம்பெயர்ச்சி 3.91) ஏறக்குறைய அதே 760. அதே உயரத்தில் நிற்கும் ஏ வகை விண்மீன் ஒன்றை முன்னும் பின்னும் எடுத்து வகுத்தால் இந்தப் பள்ளம் பெருமளவு தட்டையாகும்; கேமராவின் உணர்திறன் வளைவும் சேர்ந்தே சரியாகும். கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருந்தால் 700-க்கு மேல் எதுவும் வராது, முதலில் அதைக் கழற்றுங்கள்.

பிளவில்லாத முறையில் (ஒளியைக் குறுகிய பிளவு வழி விடாமல் எடுப்பது) பக்கத்து விண்மீனின் பூச்சிய வரிசைப் புள்ளி (கீற்றணியில் பிரியாமல் நேரே வரும் ஒளி) உங்கள் நிறமாலைமேல் விழுந்தால் அச்சு அசலாக உமிழ்கோடு போலவே இருக்கும். கீற்றணியை 20, 30 பாகை திருப்பி மறுபடி எடுங்கள். இடம் மாறினால் அது கோடு அல்ல.

இரவுப்பந்தல்

கடைசியாக ஒளிர்திறன் கணக்கு. செம்பெயர்ச்சி 4, ஆர்பி 17. தொலைவுக் குறியெண் (தொலைவால் மங்கும் அளவு, மேக்னிட்யூட்டில்) 47.8. கழித்தால் தனி மேக்னிட்யூட் −30.8. சரியா?

பதில் 5: புடைமுறம்

இல்லை. இரண்டு இடத்தில் வழுக்குகிறது. கையாவின் ஆர்பி வேகா முறையில் இருக்கிறது, ஏபிக்கு 0.36 கூட்டினால் 17.36. பிறகு செம்பெயர்ச்சியால் அலைவரிசையின் அகலமும் நீண்டிருக்கிறது, அதற்கு 2.5 × மடக்கை (1 + 4) = 1.75 கூட்ட வேண்டும். 17.36 − 47.8 + 1.75 = −28.7. உங்கள் எண்ணுக்கும் இதற்கும் 2.1 மேக்னிட்யூட், அதாவது ஒளிர்திறனில் ஏழு மடங்கு. பால்வீதித் தூசிக்குத் திருத்தினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகரும்; நிறமிகை (தூசியால் கூடும் சிவப்பு) 0.1 என்றால் ஆர்பியில் சுமார் 0.2. லைமன் ஆல்ஃபாவோ கார்பன் நான்கோ விழாத பட்டையிலிருந்து கணக்கிட்டால் இன்னும் நல்லது: ஓய்வு அலைநீளம் 145 நானோமீட்டர் உங்களுக்கு 725-இல் வரும், ஆர்பி பட்டை கார்பன் கோட்டையும் சேர்த்து அள்ளிக்கொள்கிறது.

−29-ஐத் தாண்டி ஏதாவது வந்தால், கொண்டாடும் முன் ஈர்ப்பு வில்லையா என்று பாருங்கள். ஜே0439+1634 என்ற குவேசாரை முன்னால் உள்ள ஒரு மங்கலான விண்மீன் மண்டலம் ஏறத்தாழ 50 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. தரையிலிருந்து எடுத்த படங்களில் அது ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரிந்தது.