கலவெரைட்டுக்கு ‘மறைபொன்’ பொருந்துமா?

கும்பகோணத்திலிருந்து:

வணக்கம். கனிமவியல் சொற்பட்டியலில் கலவெரைட்டு என்ற கனிமத்துக்கு ‘மறைபொன்’ என்று போடலாமா? பொன்னும் டெலூரியம் என்ற தனிமமும் சேர்ந்தது அது; பொன் அணு ஒன்றுக்கு டெலூரியம் இரண்டு. எடையில் சுமார் 43.6 விழுக்காடு பொன்; ஒரு சவரன் எடுக்கத் தூய கனிமம் 18.4 கிராம் வேண்டும். பார்வைக்கோ வெளிறிய பித்தளை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் 1893இல் தங்கம் கண்டார்கள். இதுவும் பொன் கனிமம்தான் என்று பிடிபட 1896 ஆனது.

மயிலாடுதுறையிலிருந்து:

வேண்டாம் ஐயா. பைரைட்டுக்குள் (பொன்போல் மின்னும் இரும்புக் கந்தகக் கனிமம்) நுண்ணோக்கிக்கும் அகப்படாமல் கிடக்கும் பொன்னுக்கு அந்தச் சொல் தேவைப்படும். ‘பொன் டெலூரைடு’ (பொன்–டெலூரியச் சேர்மம்) என்று நிறுத்தினாலும் போதாது. கிரென்னரைட்டு, சில்வனைட்டு, பெட்சைட்டு என்று வெள்ளி கலந்த பங்காளிகள் இருக்கிறார்கள். சில்வனைட்டு ஒரு திசையில் சீராகப் பிளக்கும், கலவெரைட்டு தாறுமாறாக உடையும். பைரைட்டா என்று சந்தேகம் வந்தால் கத்தியால் கீறுங்கள்: மோஸ் கடின அளவில் கலவெரைட்டு 2.5–3, பைரைட்டு 6க்கு மேல். அடர்த்தியும் நீரைப்போல் 9 மடங்கைத் தாண்டும், பைரைட்டு 5 மடங்குதான்.

தஞ்சாவூரிலிருந்து:

‘வறுபொன்’ எப்படி? கரித்துண்டில் வைத்து ஊதுகுழலால் ஊதினால் நீலப்பச்சைச் சுடர் வரும், கரியில் வெள்ளைப் பூச்சு படியும், கடைசியில் பொன்மணி நிற்கும். பட்டறைக் குமுட்டியில் மட்டும் செய்ய வேண்டாம். டெலூரியம் உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு வாடை லேசில் போகாது. புகை உறிஞ்சும் பெட்டி அவசியம். உலையில் வறுப்பதானால் சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். 464 செல்சியஸில் கனிமம் உருகிவிடும். காற்று பட்டு டெலூரியம் வெளியேறுமுன் உருகினால் துகள்கள் கட்டிதட்டி, உள்ளே டெலூரியம் சிக்கும். அப்புறம் பொன்னைக் கரைத்தெடுக்கும் சயனைடு கரைசல் சரியாக ஏறாது.

மயிலாடுதுறையிலிருந்து:

செய்முறை சரி. ஆனால் ‘வறுபொன்’ வறுத்தபின் கிடைப்பதைத்தான் சொல்கிறது, கனிமத்தை அல்ல. போதாததற்கு, எல்லாப் பொன் டெலூரைடும் அப்படித்தான் வறுபடும். கலிஃபோர்னியாவின் கலவெராஸ் வட்டாரப் பெயர் அப்படியே இருக்கட்டும்: கனிமம் கலவெரைட்டு, தொகுதி பொன் டெலூரைடுகள்.

கும்பகோணத்திலிருந்து:

சம்மதம். காவிரி மணலில் கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் ஒரு வரி சேர்க்கிறேன். வெந்நீர்க் கரைசல்கள் பாறைப் பிளவுகளில் விட்டுச்சென்ற கனிமம் இது. மென்மையானது, ஆற்றோடு உருண்டு வண்டல்வரை தாங்காது. வெயில் மழையில் டெலூரியம் கரைந்து, பழுப்பாய்ப் பஞ்சுபோன்ற பொன் மிஞ்சும். அதை ஆங்கிலத்தில் கடுகின் பெயரால் சொல்கிறார்கள், அரைத்த கடுகின் நிறத்தை வைத்து. நமக்குக் கடுகு என்றால் கருப்பு, பொடிமணி. ‘நுண்துளைப்பொன்’ என்றே பதிகிறேன்.