கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் லைசென்ஸை விட்டு வெளியே வந்தால் நம்ம செட்டிங்ஸ் என்ன ஆகும்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பக்கக்காரன்:

பதிப்பக வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே புத்தக லே-அவுட் செய்யப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது, "இன்டிசைனுக்கு என்ன பண்ணுவ?" என்றுதான். சந்தா கட்டினால் அடோபியின் லே-அவுட் சாஃப்ட்வேரான இன்டிசைன் கிடைத்துவிடும். எனக்கிருந்த கவலை வேறு. வருஷக்கணக்கில் சேர்த்த ஷார்ட்கட், கிரெப் தேடல்கள் (எழுத்துகள் அமைந்த விதத்தை வைத்துத் தேடுபவை), ஸ்கிரிப்ட் எல்லாம் கம்பெனி லைசென்ஸோடு சேர்ந்து போய்விடுமோ என்று பயம். போகவில்லை.

அடோபி லைசென்ஸ் நம் லாகினோடு ஒட்டியது. செட்டிங்ஸில் பெரும்பகுதி அந்தக் கம்ப்யூட்டரின் யூசர் ஃபோல்டரில் கிடக்கிறது. அதனால் லேப்டாப் உங்களுடையது என்றால் வேலையே இல்லை: அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் ஆப்பில் ஆபீஸ் அக்கவுண்டை சைன்-அவுட் செய்து, சொந்த அக்கவுண்டில் நுழைந்தால் போதும். சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணாதீர்கள். அப்போதுதான் பிரிஃபரன்ஸை அழிக்கட்டுமா என்று கேட்கும், நாமும் யோசிக்காமல் சரி என்று அமுக்குவோம்.

என் லேப்டாப் கம்பெனியுடையது, திருப்பித் தர வேண்டும். அதனால் ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, இன்டிசைன் என்று உள்ளே போனால் வெர்ஷன் எண்ணோடு ஒரு ஃபோல்டர், அதற்குள் மொழிக்கு ஒன்று. ஷார்ட்கட் செட், வொர்க்ஸ்பேஸ், கிளிஃப் செட் (எழுத்து வடிவத் தொகுப்பு), ஃபைண்ட்-சேஞ்ச் குவெரி (சேமித்து வைத்த தேடல்கள்) எல்லாம் தனித்தனி ஃபோல்டராக அங்கேயே இருக்கும். புது மெஷினில் இன்டிசைனை ஒருமுறை திறந்து மூடினால் இதே அமைப்பு உருவாகிவிடும். பிறகு அந்தந்த இடத்தில் ஒட்டினேன்.

குவெரிகள்தான் எனக்கு உயிர். ஒவ்வொன்றும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல். கேள்விக்குறிக்கு முன்னால் டைப் அடித்தவர் விட்ட இடைவெளியைத் தூக்க ஒன்று. ஔகாரக் குறி வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு அடித்ததைத் தேட ஒன்று. இந்த இரண்டாவதை 'சேஞ்ச் ஆல்' கொடுத்தால் 'வெளி', 'தெளிவு' எல்லாம் நாசமாகிவிடும். தேட மட்டும்தான், திருத்தம் கண்ணால் பார்த்து. இதையெல்லாம் திரும்ப எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது?

'இன்டிசைன் டிஃபால்ட்ஸ்' என்ற ஃபைலை மட்டும் வேண்டுமென்றே எடுக்கவில்லை. வெர்ஷன் மாறினால் அதை நம்ப முடியாது. புதிதாகவே அமைத்துக்கொண்டேன்: எந்த ஃபைலும் திறக்காமல் இருக்கும்போது பாராகிராஃப் கம்போசரை (எழுத்தை வரிகளாக அடுக்கும் முறையை) வேர்ல்டு-ரெடிக்கு மாற்றினால், அதன் பிறகு தொடங்குகிற ஃபைல் எல்லாவற்றிலும் அதுவே நிற்கும். இதை மாற்றாமல் தமிழ் யூனிகோடை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கை' என்பதே கந்தலாகிவிடும்.

வராமல் போனவை இரண்டு. கிளவுட் லைப்ரரி கம்பெனி புரொஃபைலில் இருந்தது, அது அங்கேயே நின்றுவிட்டது. அடோபி ஃபான்ட்ஸில் ஆன் செய்திருந்த எழுத்துருக்களைச் சொந்த அக்கவுண்டில் மறுபடி ஆன் செய்ய வேண்டியதாயிற்று. லைப்ரரியில் இருந்தது வாடிக்கையாளர் லோகோவும் அவர்கள் நிறங்களும்தான். அவை என் சொத்து இல்லை, எடுக்க நினைக்கவும் இல்லை. குவெரிகளுக்கும் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மெயிலில் சரி வாங்கிக்கொண்டேன். கேட்காமல் பென்டிரைவில் எடுத்துப் போவது எனக்குச் சரிப்படாது.

எக்செல் அக்கா:

எனக்கு நேர்மாறு. லேப்டாப் என்னுடையது, ஆபீஸ் 365 மட்டும் கம்பெனியுடையது. ஜிஎஸ்டிஆர்-2பியையும் (நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து வரும் ஜிஎஸ்டி அறிக்கை) பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒத்துப் பார்க்கிற மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எல்லாம் பெர்சனல் டாட் எக்ஸ்எல்எஸ்பி ஃபைலில் இருந்தது. அது ரோமிங்கில் எக்செலுக்குள் எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில் இருக்கும், அக்கவுண்ட் மாறினாலும் அசையாது. மேலே இருக்கிற பட்டன் வரிசையையும் ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துக்கொண்டேன்.

சிக்கல் ஒன்டிரைவில். என் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே எப்போதோ கம்பெனி ஒன்டிரைவுக்குள் போயிருந்தது. நாம் செய்து வைக்கிற வேர்ட், எக்செல் டெம்ப்ளேட் எல்லாம் டாக்குமென்ட்ஸுக்குள் கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸில்தான் போய் உட்காரும். ஆக, இன்வாய்ஸ் டெம்ப்ளேட் உட்பட எல்லாம் அங்கே. மேகப் படம் போட்ட ஃபைல் என்றால் அது டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம். உங்கள் சொந்த ஃபைல்களை மட்டும் முதலில் இறக்கி, பிறகு வெளியே காப்பி பண்ணுங்கள்.

இன்னொன்று, சைன்-இன் பண்ணும்போது 'உங்கள் சாதனத்தை நிறுவனம் நிர்வகிக்கட்டும்' என்று ஒரு டிக் வரும். நாம் படிக்காமலே ஓகே கொடுத்திருப்போம். கிளம்பும் முன் விண்டோஸ் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'வொர்க் ஆர் ஸ்கூல்' பகுதியில் பாருங்கள். இருந்தால் நாமே டிஸ்கனெக்ட் செய்துவிடலாம். ஆனால் விண்டோஸுக்குள் நுழைவதே ஆபீஸ் ஐடியில் என்றால், வேறு அட்மின் லாகின் ஒன்று உருவாக்காமல் அதைத் தொடாதீர்கள்.

மேக்வாசி:

பக்கக்காரன் அண்ணா, மேக்கில் அந்த ஃபோல்டர் எங்கே?

பக்கக்காரன்:

யூசர் லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸ், அதில் அடோபி இன்டிசைன். லைப்ரரி மறைந்திருக்கும் தம்பி. ஃபைண்டரில் 'கோ' மெனுவைத் திறந்து ஆப்ஷன் கீயை அழுத்தினால் தெரியும்.

கோவை கோடர்:

புரோகிராம் எழுதப் பயன்படும் ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் பற்றி. மேனேஜ் ஐடிஇ செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் கீமேப் (ஷார்ட்கட்கள்), கலர், லைவ் டெம்ப்ளேட் (அடிக்கடி எழுதும் கோட் துண்டுகள்) எல்லாம் ஒரே ஜிப்பாக வரும், லைசென்ஸ் அதில் இல்லை. புது மெஷினில் இம்போர்ட் செய்து, சொந்த லைசென்ஸில் லாகின் ஆனேன். தனிநபர் லைசென்ஸை ஆபீஸ் வேலைக்கும் பயன்படுத்தலாம், ஆனால் காசு நாமே கட்ட வேண்டும், கம்பெனியிடம் பில் கொடுத்துத் திரும்ப வாங்கக்கூடாது. இந்த விதி எனக்குப் பிடித்தே இருக்கிறது, யாருடையது என்ற வழக்கே வராது.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் 1பாஸ்வேர்டு ஆப்பின் பிசினஸ் கணக்கில் இருக்கிறவர்களுக்கு இலவசமாக ஃபேமிலி அக்கவுண்ட் கிடைக்கும். அது நம்முடையதுதான். வேலையை விட்ட பிறகு நாமே பணம் கட்டித் தொடர வேண்டும், இல்லையென்றால் உறைந்துவிடும். கம்பெனி வால்ட்டில் (பெட்டகத்தில்) போட்டு வைத்த வீட்டு பாஸ்வேர்டுகளை முதலில் ஃபேமிலி அக்கவுண்டுக்கு நகர்த்துங்கள். ஆபீஸ் அக்கவுண்டை மூடிய பிறகு கதவைத் தட்டிப் பலனில்லை.

பக்கக்காரன்:

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். சொந்தக் காசில் வாங்கிய பிளக்-இன், எழுத்துரு எதையாவது ஆபீஸ் மெயில் ஐடியில் பதிவு செய்திருந்தால், அந்த மெயில் உயிரோடு இருக்கும்போதே ஐடியை மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கான ஓடிபி பழைய மெயிலுக்குத்தான் போகிறது.