'ஐ'ட் புட்' என்றால் போட்டிருந்தேனா, போடுவேனா?

கேள்வி:

வணக்கம். ஆங்கிலத்தை எழுத்தில் பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும். காதில் விழும்போதுதான் தடுமாறுகிறேன், அதுவும் இந்த 'ட்' சுருக்கத்தில். கூட வேலை செய்பவரிடம் போனில் "வாட் அபௌட் த ஃபைல்?" என்று கேட்டேன். "ஐ'ட் புட் இட் இன் த ஷேர்ட் ஃபோல்டர் பிஃபோர் த மீட்டிங்" என்றார். 'நானாக இருந்தால் மீட்டிங்குக்கு முன்னால் அங்கே போட்டுவிடுவேன்' என்று யோசனை சொல்வதாக எடுத்துக்கொண்டு, என்னிடம் இருந்த பழைய பிரதியை அதே பெயரில் போட்டேன். அவரோ முந்தின நாள் மீட்டிங்குக்கு முன்பே புதியதைப் போட்டு வைத்திருந்தாராம். அது அழிந்தது. அந்த 'ட்' ஹேடா, வுட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:

அடுத்து வரும் வினையைப் பாருங்கள். 'ஷி'ட் கான்' என்றால் ஹேட், போயிருந்தாள். 'ஷி'ட் கோ' என்றால் வுட், போவாள். ஈட்டன், டேக்கன், ரிட்டன் மாதிரி மூன்றாம் வடிவம் வந்தால் ஹேட். ஈட், டேக், ரைட் வந்தால் வுட். முக்கால்வாசி இடங்களில் இதுவே போதும்.

கேட்டவர்:

இந்த விதி தெரியும்ங்க. ஆனால் புட் எல்லா வடிவத்திலும் புட்தானே? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பதில் 2:

சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். புட், கட், ஹிட், லெட் எல்லாம் மாறாதவை. கம், ரன் இரண்டும் இறந்தகாலத்தில் கேம், ரேன் ஆனாலும் மூன்றாம் வடிவத்தில் பழையபடி கம், ரன்தான். இவற்றில் வினையைப் பார்த்துப் பயனில்லை. வாக்கியத்தின் வாலில் வரும் சொற்றொடரைப் பிடியுங்கள்.

'ஹி'ட் கட் த கிராஸ் பை தென்' என்றால் அதற்குள் வெட்டி முடித்திருந்தான். 'ஹி'ட் கட் த கிராஸ் ஆன் சண்டேஸ்' என்றால் ஞாயிறுதோறும் வெட்டுவான், அந்தக் காலத்து வழக்கம். வினை ஒன்றேதான், பை தென், ஆன் சண்டேஸ் இரண்டும்தான் பொருளைப் பிரிக்கின்றன.

உங்கள் வாக்கியத்தில் இருந்ததோ பிஃபோர் த மீட்டிங். முடிந்துபோன மீட்டிங் என்றால் ஹேட், இனி வரப்போவது என்றால் வுட். எந்த மீட்டிங் என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது, அதனால் உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். அவர் நடுவில் 'ஆல்ரெடி' சேர்த்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. 'ஐ புட் இட்' என்று சாதாரண இறந்தகாலத்தில் சொல்லியிருந்தாலும் போதும். எது முன், எது பின் என்பதை பிஃபோரே காட்டிவிடுகிறது.

பதில் 3:

பை, அட் இரண்டையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இது தமிழ் வழியாகத்தான் விளங்கியது. 'ஷி'ட் லெஃப்ட் பை நைன்' என்பது 'ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பியிருந்தாள்'. எட்டரைக்கே கிளம்பியிருக்கலாம். 'ஷி'ட் லெஃப்ட் அட் நைன்' என்பது பெரும்பாலும் 'ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தாள்'. கிளம்பிய நேரமே ஒன்பது. நம் 'க்கு', 'க்கெல்லாம்' வேறுபாடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்! 'க்கெல்லாம்' போடத் தோன்றும் இடத்தில் பை போடுங்கள், தப்பாது.

இன்னொன்று, 'ட்' காதில் விழவில்லையே என்று வருந்தவேண்டாம். 'ஐ'ட் டோல்ட்' என்பதில் இரண்டு ஒலியும் ஒட்டிக்கொள்வதால் 'ஐ டோல்ட்' போலத்தான் கேட்கும்.

கேட்டவர்:

க்கெல்லாம்! இத்தனை வருடம் இதை யாரும் சொல்லித்தரவில்லை. சரியாகப் புரிந்ததா என்று பாருங்கள்: 'தே'ட் கம் பை பஸ்'. பை இருக்கிறது, அப்படியானால் ஹேட்தானே?

பதில் 2:

இல்லைங்க, அவசரப்படாதீர்கள். இது 'பஸ்ஸில்' என்று சொல்லும் பை. காலம் சொல்லும் பைக்குப் பின்னால் நேரமோ நாளோ வரவேண்டும்: பை சிக்ஸ், பை மண்டே, பை த டைம் வி காட் தேர். 'தே'ட் கம் பை பஸ்' இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும். முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அங்கே வழிகாட்டும்.

கேட்டவர்:

புரிந்தது. ஃபைலைப் பழைய பதிப்புகளிலிருந்து மீட்டுவிட்டோம். இனி அவர் 'ஐ'ட் புட்' என்று ஆரம்பித்தால், 'சோ இட்'ஸ் தேர் நௌ?' என்று கேட்டுவிட்டுத்தான் ஃபோல்டரைத் தொடுவேன்.