கலைச்சொல்: அதிகம் ஓடாத காரின் என்ஜின் ஆயிலில் சேரும் நீர்

மடல் 1

வணக்கம்.

எப்போதாவது மட்டும் எடுக்கும் கார்களில், நாளடைவில் என்ஜின் ஆயிலில் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருக்கும். கலைச்சொல் பதிவுக்காக இந்த நிகழ்வுக்கு ஒரே சொல் வேண்டும். ஈரப்பதம், நீர்க்கலப்பு, நீர்த்தேக்கம் ஆகியவை கைவசம் உள்ளன. என் பரிந்துரை "எண்ணெய் ஈரப்பதம்". கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

> என் பரிந்துரை "எண்ணெய் ஈரப்பதம்".

ஐயா, இந்தச் சொல் காரணத்தைத் தவறாகக் காட்டிவிடும் என்று அஞ்சுகிறேன். ஈரப்பதம் என்றதும் வாசகர் வெளிக்காற்றை நினைப்பார். மழையில் நனையாமல் காரை மூடி வைத்தால் போதும் என்று முடிவு கட்டுவார். காற்றிலிருந்தும் கொஞ்சம் ஈரம் வரும்தான். ஆனால் ஆயிலில் சேரும் நீரில் பெரும்பகுதியை உண்டாக்குவது என்ஜினே.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் (என்ஜினின் கீழ்ப்பகுதிக் கூட்டுக்குள்) இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால் அது ஆவியாகவே நின்று, பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் வால்வு) வழியாக, என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் பக்கம் உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும். குளிர்ந்த என்ஜினிலோ சிலிண்டர் சுவர், வால்வு கவர், ஆயில் மூடி ஆகியவற்றின் உட்புறத்தில் பட்டுத் துளியாகி ஆயிலில் சொட்டும். அந்த நேரத்தில் பெட்ரோல் கலவையும் செறிவாக இருப்பதால், எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். அந்த முள் காட்டுவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சூட்டை. சம்ப்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) கிடக்கும் நாலைந்து லிட்டர் ஆயில் அதற்குப் பின்தங்கியே சூடேறும். கூலண்ட் 90 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஆயில் 50, 60-இல் நிற்கக்கூடும். அது 80-ஐத் தாண்டி, 90-க்கும் 100-க்கும் இடையில் சற்று நேரம் நின்றால்தான் நீர் விரைவாக வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டம் நீரை உண்டாக்கும், வெளியேற்றாது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஐடிலில் பத்து நிமிடம் விடுவதை நல்ல பழக்கம் என்று பலர் நம்புகிறார்கள். சுமையே இல்லாமல் ஆயில் சூடேறாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நீர்தான் கூடும்.

ஆகவே, உள்ளே பிறந்து வெளியேறாமல் தங்கிய நீர் என்ற பொருள் சொல்லிலேயே இருக்க வேண்டும்.

மடல் 3

> உள்ளே பிறந்து வெளியேறாமல் தங்கிய நீர்

இதற்கு நம் பேச்சிலேயே சொல் இருக்கிறது: நீர் கோத்தல். தலையில் நீர் கோத்துக்கொண்டது, காலில் நீர் கோத்திருக்கிறது என்கிறோம். யாரும் ஊற்றியதில்லை; உடம்புக்குள்ளேயே சிறுகச் சிறுகச் சேர்ந்து, போக வழியின்றித் தங்கியது. "ஆயிலில் நீர் கோத்திருக்கிறது" என்றால் காரைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் பாதி விளங்கிவிடும்.

பெயர்வடிவத்தில் கவனம் வேண்டும். நீர்க்கோவை என்றால் அது சித்த மருத்துவத்தில் நோய்ப்பெயர். நீர்கோப்பு என்றால் அலுவலகக் கோப்பு குறுக்கே வரும். "நீர்கோத்தல்" என்ற தொழிற்பெயரே போதும். நீர் எழுவாய் என்பதால் இங்கே வல்லினம் மிகாது. நீர்கோத்த ஆயில், நீர் கோக்காத ஆயில் என்று தடையின்றி வளரும்.

நீர்த்தேக்கம் அணையை நினைவூட்டும். "நீர்த்தல்" என்பதைப் பெட்ரோல் கலந்து ஆயில் இளகிப் போவதற்கு ஒதுக்கி வைக்கலாம். இரண்டும் ஒரே காரில் சேர்ந்தே நடப்பதால் இரண்டு சொற்களும் தேவைப்படும்.

மடல் 4

நீர்கோத்தல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு தடை மட்டும். சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாகிக் கூலண்ட் உள்ளே இறங்கினாலும் ஆயில் வெளுக்கும். அதையும் இதே பெயரால் அழைத்தால் ஒருவர் வீணாக என்ஜினைப் பிரிப்பார். இன்னொருவர் பிரிக்க வேண்டிய என்ஜினை ஓட்டிக் கெடுப்பார். அதற்குக் "கூலண்ட் கசிவு" என்பதையே வைத்து, வேறுபாட்டைப் பதிவில் எழுதிவிட வேண்டும்.

பசை மூடியிலும் வால்வு கவரின் மேற்பகுதியிலும் மட்டும் இருந்து, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) ஆயில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் நீர்கோத்தல். பசையைத் துணியால் துடைத்துவிட்டு, சீரான வேகத்தில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, அடுத்த சில நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பசை திரும்பாவிட்டால் கவலையில்லை. திரும்பினால் முதலில் பிசிவி வால்வையும் அதன் ஹோஸையும் பாருங்கள். அடைத்திருந்தால் எவ்வளவு ஓட்டினாலும் ஆவிக்குப் போக வழியில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் (கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) என்ஜினைச் சூடேற விடாது.

டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால், கூலண்ட் அளவு குறைந்துகொண்டே போனால், சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெண்புகை வந்தால், அது கூலண்ட் கசிவாக இருக்கலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஐயம் இருந்தால் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். கூலண்டில் உள்ள கிளைகால் இருந்தாலோ, சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தாலோ கூலண்ட்தான்.

மடல் 5

உடன்படுகிறேன். கிளைச்சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம்.

ஆயிலில் நீர் மூன்று நிலைகளில் இருக்கும். ஆயிலோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது கரைநீர். அளவு மிஞ்சினால் நுண்துளிகளாகச் சிதறி ஆயிலை வெளுக்கச் செய்வது பால்மம். இது வேதியியலில் வழங்கும் சொல்தான். அதற்கும் மிஞ்சிப் பிரிந்து நிற்பது தனிநீர். ஆயிலைவிடக் கனமானதால் தனிநீர் சம்ப்பின் அடியில் தங்கும். பம்ப்பின் உறிஞ்சுவாயும் அங்கேயே இருப்பதால், நீண்ட நாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் பேரிங்குகளுக்கு முதலில் போவது அந்த நீராக இருக்கக்கூடும்.

சோதனைக்குப் "பொரிசோதனை" என்ற பெயரை முன்வைக்கிறேன். சுமார் 150 டிகிரி சூட்டில் உள்ள தட்டில் ஒரு துளி ஆயிலை விட்டால், நீர் இருந்தால் படபடவென்று பொரியும். இல்லாவிட்டால் சத்தமின்றிப் பரவும். ஏறத்தாழ 0.1 சதவீதத்துக்கு மேல் நீர் இருந்தால் காதில் விழும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும், ஆயில் தெறிக்கும். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் வேதிவினையால் நீரை அளக்கும், 1935-இல் வெளியான கார்ல் ஃபிஷர் தரம்பார்ப்பு முறைதான் வழி.

பதிவில் விளைவையும் சேருங்கள். எரிதலில் வரும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் இந்த நீரோடு சேர்ந்து அமிலமாகும். ஆயிலில் கலந்திருக்கும் காரப்பொருள் அந்த அமிலத்தை அடக்கி அடக்கியே தீர்ந்துபோகும். பிறகு பேரிங் அரிக்கும், கேம்ஷாஃப்ட் துருப்பிடிக்கும். கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்வது இதனால்தான். பல மாதம் நிறுத்தப்போகும் காருக்கு, நிறுத்துவதற்கு முன்பே மாற்ற வேண்டும். திரும்பி வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அத்தனை மாதமும் உலோகம் அமிலத்தில் ஊறும்.

மடல் 6

எல்லோருக்கும் நன்றி. ஈரப்பதத்தை விலக்கிக்கொள்கிறேன். வரைவு:

நீர்கோத்தல் (பெ.): காரின் என்ஜின் போதிய சூடு ஏறாமல் குறுகிய நேரமே ஓடுவதால், எரிபொருள் எரிவதில் பிறக்கும் நீராவி குளிர்ந்து ஆயிலில் சேர்ந்து தங்குதல். வெளியேற்ற: சுமையோடு அரைமணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். ஒப்புநோக்குக: கூலண்ட் கசிவு, நீர்த்தல்.

மடல் 7

"காரின்" என்பதை எடுத்துவிடுங்கள் ஐயா. மின்தடைக்காகக் காத்திருக்கும் ஜெனரேட்டர்களிலும் இதே நீர்தான் கோக்கிறது. மாதம் ஒருமுறை சுமையில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நிறுத்துவது அங்கேயும் வழக்கம். "சுமையோடு" என்ற சொல் மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்.