சுகரும் கார் சாவியும்: இங்கிலாந்தில் வண்டி ஓட்டுபவர்கள் எழுதுங்கள்

அரவிந்தன், ஹாரோ
இன்சுலின் போடுபவர்களுக்கு விதி தெரிந்திருக்கும்: ஓட்டும்போது சர்க்கரை இறங்கினால் நிறுத்தி, சாவியை எடுத்து, ஓட்டுநர் இருக்கையை விட்டு மாறிவிட வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் நார்த் சர்க்குலர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் திரும்பி, கிடைத்த இடத்தில் நிறுத்தினேன். இரட்டை மஞ்சள் கோடு, அதாவது நிறுத்தக் கூடாத இடம். மீட்டர் 3.4 காட்டியது (ஊர்க்கணக்கில் 61). எஞ்சினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுபக்க இருக்கைக்கு மாறி உட்கார்ந்து குளுக்கோஸ் மாத்திரைகளை மென்றுகொண்டிருந்தேன். பார்க்கிங் வார்டன் வந்து கண்ணாடியைத் தட்டினார்.
"ஓட்டுநர் எங்கே?"
"நான்தான்."
"அப்படியானால் ஏன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"
விளக்கினேன். சர்க்கரை பழைய நிலைக்கு வந்த பிறகும் 45 நிமிடம் ஓட்டக் கூடாது என்றும் சொன்னேன். அவர் குனிந்து, சந்தையில் மீன் பார்ப்பதைப் போல என் முகத்தைப் பார்த்தார். "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அபராத டிக்கெட்டைக் கண்ணாடியில் ஒட்டினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வெளியே தெரிந்தால்தான் நோயா? இதுபோல் டிக்கெட் வாங்கி, ரத்து செய்யவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தேவகி, லெஸ்டர்
எனக்கு டிக்கெட் தந்தது என் அக்காவின் கணவர். ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பையிலிருந்து மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை எடுத்ததை அத்தான் பார்த்துவிட்டார். "சீனி வருத்தம் இருக்கிறதா? டிவிஎல்ஏவுக்கு அறிவித்தாயா?" என்று (ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்தைத்தான் சொல்கிறார்) கேட்டபடியே என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, கண்ணிலோ காலிலோ வேறு சிக்கல் இல்லாமல் கார் ஓட்டுபவர் அறிவிக்கத் தேவையில்லை. இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் ஐஸ்கிரீம் முடிந்துவிட்டது. கடைசியில் அவருடைய மகன்தான் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டான். அவன் ஓட்டிய வேகத்துக்கு யார் அறிவிப்பது?

பழைய பஸ்காரன், க்ராய்டன்
தேவகி சொல்வது காருக்கு மட்டும். பஸ், லொறி ஓட்டுபவர் க்ளிக்ளஸைட் வகை மாத்திரை எடுத்தாலும் அறிவிக்க வேண்டும், ஏனென்றால் அது சர்க்கரையை இறக்கிவிடக்கூடியது. எங்கள் டிப்போவில் இருவர் மெட்ஃபார்மினையும் அதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.
2011 நவம்பருக்கு முன் இன்சுலின் என்றால் பஸ் ஓட்டுவது முடிந்தது. என்னோடு வேலை செய்த ஒருவர் இன்சுலினுக்கு மாறவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். மருத்துவர் ஊசி என்றதும் அவர் கேட்டது வலிக்குமா என்றல்ல, வீட்டுக்கடன் யார் கட்டுவது என்றுதான். நான் இன்சுலின் தொடங்கியது விதி மாறிய பிறகு. ஆண்டுதோறும் சிறப்பு மருத்துவர் மீட்டரின் நினைவகத்தைப் பார்ப்பார். ஓட்டாத நாளிலும் குறைந்தது இரண்டு முறை விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை அந்த மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை அளவுகளைக் காட்டி, "அன்று என்ன விசேஷம்?" என்று கேட்டார். மாமியார் வீட்டுப் புட்டும் மாம்பழமும் என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கும் மாம்பழத்தைக் கண்டால் அவர் குரல் கேட்கிறது.

செந்தில், மதுரை
நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்வேன். இங்கே 40 வயதுக்கு மேல் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் படிவம் 1ஏ-வில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். படிவம் 1-இல் வலிப்பு உண்டா, திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ வருமா என்று கேட்கிறார்கள். சர்க்கரை என்ற சொல்லே கிடையாது. நான் இன்சுலின் போடுகிறேன் என்று நானாகச் சொன்னேன். மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சுகர் யாருக்குத்தான் இல்லை?" என்று கையெழுத்திட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அரவிந்தன், உங்கள் முகத்தையாவது ஒருவர் குனிந்து பார்த்தார்.

குமரவேள், ஈஸ்ட் ஹாம்
எனக்குப் பெரிய அனுபவம் எதுவும் இல்லை. எம் 25 நெடுஞ்சாலையில் ஒருமுறை, சர்க்கரையைக் காட்ட உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் கத்தியது, அடுத்த சர்வீஸ் நிறுத்தத்தில் நிறுத்திச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அரவிந்தன் எழுதியதைப் படித்ததும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்தீர்களா? நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 5-க்குக் கீழே (ஊர்க்கணக்கில் 90) இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 4-க்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது. கார் உரிமத்துக்கு 2019 முதல் சென்சார் அளவையும் ஏற்கிறார்கள். ஆனால் அது 4 அல்லது அதற்குக் கீழே காட்டினாலும், உடம்பு ஒன்று சொல்லிச் சென்சார் வேறொன்று சொன்னாலும் விரலில் குத்தி உறுதிசெய்ய வேண்டும். மீட்டரை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரில் பிஸ்கட் வைப்பவர்கள் குளுக்கோஸும் வைக்க வேண்டும், பிஸ்கட் மெதுவாகத்தான் ஏறும். விழித்திருக்கும்போது, இன்னொருவர் உதவியால்தான் மீளும் அளவுக்குச் சர்க்கரை 12 மாதத்தில் இரண்டு முறை இறங்கினால் ஓட்டுவதை நிறுத்தி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் இருந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். இரவில் அரிசிச் சோற்றைக் குறைத்துக் குரக்கன் (கேழ்வரகு) சாப்பிட்டுப் பாருங்கள். காலையில் நடந்தால் இன்னும் நல்லது.

அரவிந்தன், ஹாரோ
குமரவேள் அண்ணா, கிளம்பும்போது 7.8. வழியில் நெரிசல். குரக்கன் வீட்டில் இருக்கிறது. நான் கேட்டது டிக்கெட்டைப் பற்றி.

தேவகி, லெஸ்டர்
செந்தில், நிமிர்ந்து பார்க்காத மருத்துவரைவிட என் அத்தான் மேல் என்கிறீர்களா? வேண்டுமானால் மதுரைக்கு அனுப்பிவைக்கிறேன்.

வாணி, ரெடிங்
அரவிந்தன், என் கணவருக்கு இதேபோல் டிக்கெட் வந்தது. அதுவும் மஞ்சள் கோடுதான். பணத்தைக் கட்டாமல் முறையீடு அனுப்பினோம். மீட்டரில் நேரத்தோடு பதிவாகியிருந்த அளவைப் படம் எடுத்து வைத்தோம். இன்சுலின் எடுக்கிறார் என்று குடும்ப மருத்துவரின் கடிதம், 45 நிமிட விதி இருக்கும் டிவிஎல்ஏ துண்டறிக்கை இரண்டையும் சேர்த்தோம். ரத்து செய்துவிட்டார்கள். உங்கள் மீட்டரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கோடைக்கால நேரத்துக்கு மாற்றாமல் விட்டிருந்தால் ஒரு மணி நேரம் பிசகும், அதையே பிடித்துக்கொள்வார்கள்.

அரவிந்தன், ஹாரோ
பார்த்தேன். நேரம் சரியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மருத்துவரிடம் கடிதம் கேட்கிறேன்.