பின் டயரைத் தூக்கினால் வண்டி நகர்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டும் ஏன்?

மலைப்பாதை:
வணக்கம். என்னுடையது பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி, மேனுவல் கியர். வலது பின் டயர் பஞ்சர். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, முதல் கியரிலும் போட்டுவிட்டுத்தான் ஜாக்கி வைத்தேன். பார்த்தால் தெரியாத அளவுக்கு லேசான இறக்கம். டயர் தரையை விட்டு எழும்பியதும் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது, ஜாக்கி சாய ஆரம்பித்தது. சட்டென்று இறக்கிவிட்டேன். இன்னொன்று: வண்டி முன்னால் போகும்போது தூக்கியிருந்த சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது! ஹேண்ட் பிரேக்கில் கோளாறு இல்லை, செங்குத்தான மேட்டில்கூடப் பிடிக்கிறது. அப்படியிருக்க ஏன் நகர்ந்தது?

கிரீஸ்கை:
சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் இதே அமைப்புதான். வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒரு பிரேக் டிரம் இருக்கும்.

ஷாஃப்ட் பூட்டிக்கொண்டாலும் இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற அது வழிவிடும். இரண்டும் தரையில் இருக்கும்வரை அப்படிச் சுற்ற முடியாது, வண்டி நிற்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால் அது காற்றில் தாராளமாகச் சுற்றும், தரையில் இருப்பது உருளும். கியரில் போட்டதும் இதனால்தான் உதவவில்லை. கியரும் அதே ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது.

ஆகவே தூக்கும் முன்பே 4எல்-இல், அதாவது நான்கு சக்கரமும் இயங்கும் லோ கியரில் போடுங்கள். முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு இடையிலுள்ள டிஃபரன்ஷியலைப் பூட்டும் சென்டர் டிஃப் லாக் இருந்தால் அதையும் போடுங்கள். முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். தரையில் இருக்கும் முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். முன் சக்கரத்தை அதன் ஆக்ஸிலோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஹப் இருந்தால் அதை லாக்கில் வைக்க மறக்க வேண்டாம். ஹப் திறந்திருந்தால் 4எல் போட்டும் பயனில்லை.

நான்காம்கியர்:
இதற்குப் போய் இவ்வளவு கணக்கா? சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தால் முடிந்தது.

கிரீஸ்கை:
கல் உருண்டையாக இருந்தால் வண்டியோடு சேர்ந்து அதுவும் உருளும், சிறியதாக இருந்தால் டயர் ஏறிப் போய்விடும். ஆப்பு வடிவக் கட்டை வேண்டும். தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, டயரோடு ஒட்டி. ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி சரி. 4எல் போட்டுவிட்டோம் என்று கட்டையை விட்டுவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

மலைப்பாதை:
இப்போது புரிகிறது, நன்றி அண்ணே. ஜாக்கியை எங்கே வைப்பது? நான் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் வைத்தேன்.

சேறும்சகதியும்:
சேஸிஸில் வைத்தால் முதலில் ஸ்பிரிங் தொங்கி நீளும், அப்புறம்தான் சக்கரம் எழும்பும். அதற்குள் ஜாக்கி உச்சிக்கு நீண்டு தள்ளாடும். பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாய் இணைக்கும் முழு ஆக்ஸில் என்றால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆக்ஸில் குழாயின் கீழ் பாட்டில் ஜாக்கியை வையுங்கள், பிரேக் பைப் நசுங்காமல் பார்த்து. நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் மட்டும் வேண்டாம், வண்டி சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் வண்டியோடு வந்த புத்தகம் காட்டும் இடத்தில்தான்.

மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த, அகலமான பலகை போடுங்கள். காற்றில்லாத டயரால் ஆக்ஸில் தாழ்ந்து ஜாக்கி நுழையவில்லையா? அந்தச் சக்கரத்தையே மெதுவாக ஒரு பலகைமேல் ஏற்றி நிறுத்தலாம்.

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கினால் தூக்கும் முன்பே இறக்கி எடுத்துவிடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் புகக் கூடாது. எடுத்த ஸ்டெப்னியை சேஸிஸுக்குக் கீழே படுக்கப் போடுங்கள், ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். பஞ்சர் டயரைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்த வேண்டும். காற்றில் வைத்து ஸ்பேனரை மிதித்தால் வண்டியே ஆடும்.

மலைப்பாதை:
நீண்ட கம்பத்தில் கைப்பிடியை அடித்து ஏற்றும் ஹை லிஃப்ட் ஜாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறேன். நல்லதுதானே?

சேறும்சகதியும்:
சேற்றில் மாட்டிய வண்டியைத் தூக்க நல்லது. டயர் மாற்ற நான் அதை எடுக்க மாட்டேன். அடிப்பாகம் சிறியது, உயரம் அதிகம், கொஞ்சம் தள்ளினாலே சாயும். பாரத்தோடு இறக்கும்போது பிடி நழுவினால் கைப்பிடி தாடையைப் பதம் பார்க்கும். பிளாஸ்டிக் பம்பர் வண்டியில் அதை வைக்க இடமும் இருக்காது.

கிரீஸ்கை:
ஒன்று விட்டுப்போனது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கியபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஸ்பேனர் வைத்து மறுபடி பாருங்கள்.