பம்ப் டிராக் எங்கே போடலாம்: குளக்கரையா, ரிசர்வ் சைட்டா, பாலத்தடியா?

சக்கரம்_கோவை:
எங்கள் வார்டுக்கு ஒரு பம்ப் டிராக் கேட்டு மாநகராட்சியில் மனு கொடுக்கப் போகிறோம். பார்த்திராதவர்களுக்கு: மேடும் பள்ளமுமாக வளைந்து வரும் சுற்றுப்பாதை அது. பெடல் மிதிக்க வேண்டாம். மேடேறும்போது உடம்பை லேசாக்கி, இறங்கும்போது அழுத்தினால் சைக்கிள் தானாக ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கு 10 சென்ட்கூடப் போதும். கண்ணில் பட்ட இடங்கள் மூன்று: குளக்கரைத் திடல், லேஅவுட்டுக்குள் பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய 25 சென்ட் ரிசர்வ் சைட், மேம்பாலத்தின் அடி. என் ஓட்டு குளக்கரைக்கு. இடம் தாராளம், யாருக்கும் தொந்தரவில்லை.

நொய்யல்வாசி:
தம்பி, நீங்கள் திடல் என்று சொல்வது குளத்தின் நீர்ப்பரப்பு. கோடையில் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்கள், கொக்கு நிற்கும். நீர்நிலைப் புறம்போக்கில் எதுவும் கட்டக்கூடாது என்று உயர் நீதிமன்றம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. யாராவது ஒருவர் வழக்குப் போட்டால் பாதி போட்ட டிராக் அப்படியே நிற்கும்.

இரண்டு_பசங்க_அம்மா:
வழக்கை விடுங்க. குளக்கரைக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்டணும். பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் ஒன்பது வயசுப் பையனைத் தனியாக யார் அனுப்புவார்கள்? நான் வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நடக்கும். ரிசர்வ் சைட் என்றால் ஸ்கூல் பையைத் திண்ணையில் வீசிவிட்டு அவனே போய்விடுவான்.

காலை_வாக்கிங்:
அந்த ரிசர்வ் சைட்டுக்கு எதிரில்தான் என் வீடு. லேஅவுட் போடும்போதே பூங்காவுக்கென்று எழுதிக் கொடுத்த இடம். புங்கன் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றியது நாங்கள். இப்போது அதில் தார் ஊற்றுவீர்களா? முதல் மாதம் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த மாதம் ராத்திரி பத்து மணிக்கு பைக்கை உள்ளே விட்டு முறுக்குவார்கள். போலீஸுக்கு போன் பண்ண வேண்டியது நான்.

சைட்_இன்ஜினியர்:
யாரும் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. கோவையின் கிழக்குப் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகத் தார் போட்டால் மேடுகளின் முதுகில் விரிசல் விழும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது செய்வது போலத்தான்: கரிசலை வெட்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டி இறுக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். தார் வேண்டாம், மண்ணிலேயே போடலாம் என்பவர்களுக்கும் ஒன்று: கரிசலில் மேடு நிற்காது. செம்மண் அடித்தாலும் ஒவ்வொரு பெரிய மழைக்கும் அப்புறம் மண்வெட்டியோடு ஆள் வர வேண்டும். யார் வருவார்கள், பெயர் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம் என்றால், டிராக் முழுக்க எத்தனை பள்ளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மழைநீர் நிற்கும், கொசு முட்டை வைக்கும். லேசான சரிவு உள்ள இடமாக இருந்து, பக்கத்தில் மழைநீர் வடிகாலும் இருந்தால் அடியில் குழாய் வைத்து வெளியேற்றிவிடலாம். ரிசர்வ் சைட்டின் தெற்கு மூலையில் வடிகால் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஃபிக்ஸி_பையன்:
பாலத்தடி பற்றி ஒருத்தரும் பேசலையே! உக்கடம் பாலம் 2024-ல் திறந்ததிலிருந்து பார்க்கிறேன், கீழே எவ்வளவு இடம்! மதியம் மூன்று மணிக்கு வெட்டவெளித் தாரில் விழுந்தால் தோல் பொசுங்கும். பாலத்தடியில் நிழல், மழைக்கும் ஒதுக்கம். 2018-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்டேல் என்கிற சின்ன ஊரில் பம்ப் டிராக் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றே நடந்தது. நமக்கும் பெரிதாக யோசிக்கத் தெரிய வேண்டாமா?

இரண்டு_பசங்க_அம்மா:
உலகப் போட்டிக்குப் போகிறவர்கள் போகட்டும். என் பையன் இரண்டு பக்கமும் வண்டி போகிற இடத்துக்கு நடுவில் போய்ப் புகையைக் குடிக்க வேண்டாம்.

சைட்_இன்ஜினியர்:
அதோடு, பாலத்தின் மேல்தள மழைநீர்க் குழாய்கள் தூணோடு இறங்கும். உடைந்த குழாய் ஒன்று போதும், டிராக்கில் அருவி கொட்டும். தூணில் மோதினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். பாலத்தடிக்கு நெடுஞ்சாலைத் துறையிடம் தனியாக அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

சக்கரம்_கோவை:
எல்லோரும் ரிசர்வ் சைட்டுக்கே தள்ளுகிறீர்கள். 25 சென்டில் பெரிய பசங்களும் குட்டிகளும் ஒரே டிராக்கில் மோதிக்கொள்வார்கள். 11-ஆம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளோடு வரும் பையனுக்கும் இடம் வேண்டும்.

சைட்_இன்ஜினியர்:
குட்டிகளுக்குத் தனியாக ஒரு சின்னச் சுற்று விடலாம். 10 சென்ட் பெரியவர்களுக்கு, 5 சென்ட் குட்டிகளுக்கு, மீதி மரத்துக்கும் நடைக்கும். புங்கன்களைத் தொட வேண்டாம். ஆனால் டிராக் மரத்தடியில் வரக்கூடாது. வளைவில் சருகு விழுந்தால் டயர் வழுக்கும், வேர் தாரைத் தூக்கும்.

காலை_வாக்கிங்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பைக் விஷயம்?

ஃபிக்ஸி_பையன்:
வாசலில் குழாய் நட்டு வளைத்து விட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழையலாம், பைக் நுழையாது சார். எட்டு மணிக்கு லைட்டை அணைத்துவிடலாம்.

காலை_வாக்கிங்:
எட்டு இல்லை, ஏழரை. வாசலும் என் வீட்டுப் பக்கம் வேண்டாம், பள்ளிக்கூடத் தெருப் பக்கம் வையுங்கள். இவ்வளவையும் மனுவில் எழுத்தில் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

நொய்யல்வாசி:
குளத்தை விட்டீர்களே, எனக்கு அது போதும். கையெழுத்துக்கு நான் தயார்.

சக்கரம்_கோவை:
எழுதுகிறேன். இன்ஜினியர் சார், மனுவோடு வைக்க மண் பரிசோதனைக்கு எங்கே குழி எடுக்கலாம் என்று குறித்துக் கொடுங்கள். குளக்கரை இடத்தை இன்னும் மனசு விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.